அம்மன் மேடு, குதிரை மேடு

காட்பாடியில் ரயிலேறினால் கண்ணை மூடித் திறப்பதற்குள் சித்தூர். அதற்குப் போய் என் வீட்டுக்காரர், ஏதோ துபாய்க்கு அனுப்புகிற மாதிரி, யாராவது வம்புக்கு இழுத்தால் வாயைத் திறக்காதே என்று பிளாட்பாரத்தில் நின்று எனக்குப் புத்தி சொன்னார். நான் பிறந்த ஊர் அவருக்கு அந்நிய தேசம். கல்யாணமான புதிதில் ஒருமுறை என்னோடு வந்தவர், எங்கள் ஊர் ஆண்கள் கல்லைக் குவித்து வைத்துக்கொண்டு ஏரிக்கரையில் காவல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு அன்று சாயங்காலமே பஸ் பிடித்துவிட்டார். அதற்கப்புறம் நல்லது கெட்டதுக்கு நான்தான் தனியாகப் போய்வருகிறேன்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நகரியைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது எங்கள் வேப்பங்கண்டிகை. ஏரிக்கு அந்தப் பக்கம் சின்னய்யகுப்பம். வேப்பங்கண்டிகை ஆந்திராவில் இருக்கிறது, வீட்டுக்கு வீடு தமிழ் பேசுகிறது. சின்னய்யகுப்பம் தமிழ்நாட்டில் இருக்கிறது, வீட்டுக்கு வீடு தெலுங்கு பேசுகிறது. மாநிலம் பிரித்த காலத்தில் யாரோ எங்கேயோ உட்கார்ந்து கோடு போட்டார்கள். கோடு ஏரிக்கரையோடு ஒழுங்காக வந்து, கரை முடிகிற இடத்தில் ஒரு மேட்டின்மேல் ஏறிக் குழம்பிவிட்டது. எங்கள் வரைபடத்தில் மேடு எங்களுக்கு. அவர்கள் வரைபடத்தில் அவர்களுக்கு.

நாங்கள் அதை அம்மன் மேடு என்போம். எங்கள் கங்கம்மா ஏரியில் கால் கழுவிக்கொண்டு முதலில் ஏறி நின்ற இடம், பாறையில் அவள் காலடி பதிந்திருக்கிறது. அவர்கள் அதைக் குதிரை மேடு என்பார்கள். ஏரியை வெட்டிய அவர்கள் பாட்டனாரின் குதிரையைப் புதைத்த இடமாம், பாறையில் இருப்பது குளம்படியாம். சின்ன வயதில் அந்தப் பள்ளத்துக்குள் என் காலை வைத்துப் பார்த்திருக்கிறேன். மழைத்தண்ணீர் தேங்கித் தலைப்பிரட்டைகள் நீந்தும். காலா குளம்பா என்று எனக்கு விளங்கவில்லை. மேட்டில் விளைவது நாலு பனைமரமும் கொஞ்சம் வேர்க்கடலையும். அதற்குத்தான் வைக்கோல்போர் எரிந்தது, மண்டைகள் உடைந்தன, போலீஸ் வந்து கூடாரம் போட்டது.

இந்த முறை என்னைக் கூப்பிட்டவர் முனிரத்தினம் அண்ணன், என் பெரியப்பா மகன். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அண்ணனும் அவருக்கு மூத்த ராஜம்மா அக்காவும்தான் எனக்கு எல்லாம். அக்காவைத் திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். போனில் அண்ணன் அழவில்லை. அம்மன் ஜாத்திரையும் அடுத்த வாரமே வருது, நீ கூட இருந்தா தேவல என்று மட்டும் சொன்னார்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது சின்னய்யகுப்பத்தில். சண்டைக்காரர்களுக்கா பெண் கொடுப்பீர்கள் என்று காட்பாடியில் கேட்கிறார்கள். கொடுக்காமல்? பக்கத்து ஊர் என்றால் சண்டையும் அங்கேதான், சம்பந்தமும் அங்கேதான். ஆனால் கல்யாணமான மறுவருஷம் மாமனார் வீட்டார் ஒரு காரியம் செய்தார்கள். ராவோடு ராவாக மேட்டின்மேல் ஒரு கூரைவீடு போட்டுப் புதுப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் குடிவைத்துவிட்டார்கள். ஆள் குடியிருந்தால் நிலம் கைவசம் வந்த கணக்கு. எங்கள் ஆட்கள் கல்லெறிய வந்தால் கூரைக்குள் இருப்பது எங்கள் வீட்டுப் பெண். அந்த மூளையை மெச்சத்தான் வேண்டும். எங்கள் ஊர்ப் பெரிய மனுஷர்கள் மூளையை விட்டுவிட்டு அக்காவைத் துரோகி என்றார்கள். பத்தொன்பது வயதுப் பெண், உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

சித்தூரில் இறங்கினால் மாங்காய் வாசனை. கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய லாரிகளும் டிராக்டர்களும் மாங்கூழ் பேக்டரி வாசலில் நிற்கிற வரிசை ரோடு முழுக்க நீண்டு, ஆட்டோக்காரர் சந்து சந்தாகப் புகுந்து போனார். அண்ணன் அன்றைக்குக் கோர்ட்டில் இருந்தார். நாலைந்து வருஷத்துக்கு முந்தி மேட்டில் நடந்த கல்லெறி வழக்கில் வாய்தா. அக்கா ஆஸ்பத்திரியில் கிடக்க, அவள் வீடு இருக்கிற இடத்துக்காகத் தம்பி கோர்ட்டுப் படியில் நிற்கிறார். இதைச் சொன்னால் என்னை வாயாடி என்பார்கள்.

கோர்ட்டு மரத்தடியில் எங்கள் ஊர் ஆட்களும் சின்னய்யகுப்பத்து ஆட்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே தீப்பெட்டியில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். வந்ததும் ஒரே பஸ்தானாம். எதிர்த்தரப்பில் மூத்தவர் நரசிம்முலு, அக்கா புருஷனின் அண்ணன். புருஷன் செத்து வெகுகாலமாகிறது; அக்கா வீட்டுக்கு இப்போது பெரியவர் அவர்தான். எழுபதைத் தாண்டியும் பனைமரம் மாதிரி நிமிர்ந்து நிற்கிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, ராஜம்மாவை நாளைக்கே அழைத்து வருகிறீர்களா, வீட்டைச் சாணி போட்டு மெழுகி வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்று தெலுங்கில் சொன்னார். வழக்கு எப்படி என்று கேட்டேன். வானத்தைக் காட்டினார். அடுத்த வாய்தா மழைக்காலத்தில்.

சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று அண்ணன் காதுபட ஒரு பழமொழியைப் போட்டேன். அவர் காதில் வாங்கவில்லை. பசி என்று ஒரு மெஸ்ஸுக்குள் நுழைந்தார். எங்கள் வீட்டில் களி என்றால் முகம் சுளிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சித்தூர் மெஸ்ஸில் அதே களி சங்கட்டி என்ற பேரில், நடுவில் குழித்து நெய் விட்டு, பப்பு என்கிற பருப்பும் வேர்க்கடலைத் தொக்கும் சுற்றி வைத்து வருகிறது. பக்கத்து இலையில் கோழிக்குழம்பு மணத்தது. ஜாத்திரைக்கு விரதம் என்று அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. எனக்கு விரதம் இல்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு கோழி கேட்க மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

சாயங்காலம் திருப்பதிக்கு ரயில். பாகாலா ஜங்ஷனில் எதிர்வண்டிக்காக எங்கள் வண்டியை நிறுத்தினார்கள், நிறுத்தியவர்கள் மறந்தே போனார்கள். அவித்த கடலை விற்றவர் மூன்று முறை எங்கள் பெட்டியில் ஏறி இறங்கிவிட்டார். எதிர் சீட்டு இளைஞர் போனில் சத்தமாக நியூஸ் வைத்தார். எங்கேயோ இரண்டு பக்கத்துப் பக்கத்து நாடுகள். ஒரு நாட்டுத் தலைவர் வரைபடத்தைக் காட்டி, எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இந்த மண் எங்களுடையது என்கிறார். தமிழில் சொன்னார்கள். அண்ணன் தலையாட்டி, "அவன் சொல்றதும் நாயந்தான்" என்றார். அடுத்து மற்ற நாட்டுத் தலைவர் வேறொரு வரைபடத்தைக் காட்டினார். "இவன் சொல்றதும் நாயந்தான்" என்றார். பிறகு இடிந்த வீடுகளைக் காட்டினார்கள். ஒரு பெண் கட்டிலைத் தெருவில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாகாலா பிளாட்பாரத்தில்தான் எனக்கு அக்காவின் ஞாபகம் பொங்கிக்கொண்டு வந்தது. பெரியப்பா எங்கள் இரண்டு பேரையும் இதே வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்ட அழைத்துப் போனபோது, அக்கா இந்தப் பிளாட்பாரத்தில் இறங்கி எனக்கு ரிப்பன் வாங்கப் போய், வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். பெரியப்பா போட்ட அடியை வாங்கிக்கொண்டு, கையை விரித்துச் சிவப்பு ரிப்பனைக் காட்டினாள். அப்படிச் சிரிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த நாளுக்குத் திரும்பிப் போக முடியுமானால் நான் என் கழுத்துச் செயினைக் கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

திருப்பதியில் ஆட்டோ கூப்பிட்டால், ஓட்டுகிறவர் புடவை கட்டியிருந்தார். மூக்குத்தி, தலை நிறையப் பூ, முகம் முழுக்கச் சந்தனம், நடுவில் முறுக்கிய மீசை. நான் ஒரு அடி பின்வாங்கினேன். அண்ணன் சாதாரணமாக ஏறி உட்கார்ந்தார். அங்கேயும் கங்கம்மா ஜாத்திரைதான் நடந்துகொண்டிருந்தது, வேண்டிக்கொண்ட ஆண்கள் நாளுக்கொரு வேஷம் கட்டுவார்கள். நாளைக் காலையில் நகரிப் பக்கம் வருவீர்களா என்று கேட்டேன். வரமாட்டேன், ஊர் சாட்டியாகிவிட்டது, எல்லை தாண்டிப் போய் இருட்டிவிட்டால் வம்பு என்று தெலுங்கில் சொல்லிவிட்டு வளையல் குலுங்கக் கியர் மாற்றினார்.

இந்தச் சாட்டு சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஜாத்திரைக்கு ஒரு வாரம் முன்னால் தப்பட்டை அடித்துக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி வருவார்கள். அதுதான் சாட்டு. தப்பட்டைச் சத்தம் அடித்த இடமெல்லாம் அம்மன் எல்லைக்குள் வந்துவிடும். எல்லைக்குள் இருப்பவர்கள் ஜாத்திரை முடிகிறவரை வெளியே இரவு தங்கக் கூடாது. அம்மன் கரகத்தைத் தலையில் தூக்குகிறவர் கையில் அன்றைக்கே காப்புக் கட்டிவிடுவார்கள். அவர் பகலில்கூட எல்லை தாண்டக் கூடாது. எல்லைக்குள் சாவு விழுந்தால் தீட்டு, ஜாத்திரை அந்த நிமிஷமே நின்றுவிடும். வேப்பங்கண்டிகையில் கரகம் தூக்குவது எங்கள் பெரியப்பா வீட்டு உரிமை. இப்போது அண்ணன். அவருக்கு ஒரே மகன், அவனும் குவைத்தில்.

அக்கா கட்டிலோடு கட்டிலாக ஒட்டிக் கிடந்தாள். மூட்டையாக வைத்த துணியா ஆளா என்று தெரியவில்லை. கண் மட்டும் பழைய கண். அவள் மகன் பாபு பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்ததும், காட்பாடியில் உனக்குச் சோறு போடுகிறார்களா இல்லையா, இப்படி இளைத்திருக்கிறாயே என்றாள். இளைத்ததாம், நான்! சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். சித்தூரில் வாங்கிய மாங்காயைக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அவள் உதட்டில் வைத்தேன். விழுங்க முடியவில்லை. நாக்கால் தடவிக்கொண்டு கண்ணை மூடி, "தம்பி, சாட்டு என்னிக்கு?" என்று கேட்டாள். நாளைக்குச் சாயங்காலம் என்றார் அண்ணன்.

மறுநாள் காலை வேன் பேசினோம். புத்தூர் தாண்டியதும் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, இறக்கவேண்டிய இடம் ஆந்திராவா தமிழ்நாடா என்று கேட்டார். தமிழ்நாடு என்றால் பர்மிட் எடுக்க வேண்டுமாம். ஆந்திரா என்றார் அண்ணன். தமிழ்நாடு என்றான் பாபு. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். படுத்திருந்த அக்கா, "நீங்க முடிவு பண்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன். வண்டிய எடுப்பா" என்றாள். டிரைவர் எடுத்தார். பர்மிட்டைப் பற்றி அப்புறம் யாரும் கேட்கவில்லை.

மேட்டு வீடு இப்போது மெத்தைவீடு. பாபு தளம் போட்டுக் கட்டியது. வாசலில் நின்றால் ஏரிக்கரையும், அதற்கப்பால் எங்கள் ஊர்க் கோயில் கூரையும் தெரியும். மேட்டுச் சரிவில், எங்கள் பக்கம் முடிகிற இடத்தில் ஒரு சர்வேக்கல் நட்டிருக்கிறது. அது தமிழ்நாட்டார் நட்டது, எங்கள் ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை. வருஷாவருஷம் சாட்டு அந்தக் கல்லைத் தாண்டி வந்து, அக்கா வீட்டு வாசலில் நின்று, வேறெங்கும் அடிக்காத அடி அடித்துவிட்டுத்தான் போகும். சின்னய்யகுப்பத்தார் கம்போடு நிற்பார்கள். சில வருஷம் கைகலப்பு, சில வருஷம் வெறும் வசவு. அக்கா மட்டும் உள்ளே இருந்து சொம்பில் மோர் கொண்டுவந்து, பிறந்த ஊர்த் தப்பட்டைக்காரருக்குக் கொடுப்பாளாம்.

அக்காவைப் படுக்கவைத்துவிட்டு அண்ணனும் நானும் ஊருக்குள் போனோம். கோயில் முன்னால் கூட்டம் கூடியிருந்தது. தருமகர்த்தா துரைசாமி மாமா, மேட்டு வழக்கில் எங்கள் பக்கத்து முதல் ஆள், தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். ராஜம்மாவுக்கு இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. மேட்டில் சாட்டு அடித்தால் அவள் வீடு எல்லைக்குள் வந்துவிடும். அவள் போய்விட்டால் தீட்டு, ஜாத்திரை நின்றுபோகும். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஜனம் வந்து இறங்கிவிட்டது. அதனால் இந்த வருஷம் மட்டும் மேட்டை விட்டுவிட்டுச் சுற்றி வந்துவிடலாம் என்றார். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொம்பளை பேசக்கூடாத இடம்; வாயைத் திறக்காதே என்று பிளாட்பாரத்தில் என் புருஷன் சொன்னது ஞாபகம் வந்து பல்லைக் கடித்தேன்.

அண்ணன் எழுந்தார். அவர் சபையில் பேசி நான் பார்த்ததில்லை.

"மாமா, மேடு நம்புளுதுன்னு நீங்க சொல்லித்தான் நான் கல்லெடுத்துக்கினு போனேன். என் அக்கா வூட்டு மேலயே எறிஞ்சேன். நம்புளுதுன்னா வந்து அடிங்க, நான் காப்போட போய் அவ பக்கத்துல உக்காந்துக்கறேன். இல்லன்னா நம்புளுது இல்லன்னு அம்மா எதிர்ல சொல்லிடுங்க."

இரண்டில் எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. சாட்டு கிளம்பட்டும், மேட்டுக்கிட்டே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாமா மழுப்பினார். பூசாரி அண்ணன் கையில் காப்பைக் கட்டினார். இந்த வருஷம் மட்டும் கரகத்தை வேண்டாம் என்று சொல்லிவிடேன் அண்ணா என்று நான் அவர் பின்னாலேயே போய்க் கெஞ்சினேன். ஒரு வருஷம் காய்ச்சல் என்று தூக்காமல் விட்டதில் உழவுமாடு இரண்டும் போச்சு, இப்போது மகன் வேறு கடல் தாண்டி இருக்கிறான் என்றார். பயந்தவரிடம் நியாயம் பேசி என்ன பிரயோஜனம்.

தப்பட்டை ஊரைச் சுற்றி, ஏரிக்கரையோடு வந்து, சர்வேக்கல்லுக்கு முன்னால் நின்றது. வெயில் தாழ்ந்திருந்தது. மேலே நரசிம்முலுவும் அவர்கள் ஆட்களும் கம்போடு நின்றார்கள். தப்பட்டைக்காரர் துரைசாமி மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அண்ணன் கல்லுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், காப்புக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அடித்தால் அவர் அக்காவிடம் போகலாம். அடிக்காவிட்டால் ஒரு வாரம் அவளைப் பார்க்க முடியாது, அந்த ஒரு வாரம் அவளிடம் இல்லை.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. பாபுவும் அவன் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அக்காவைக் கட்டிலோடு வெளியே கொண்டுவந்தார்கள். கம்புகளைக் கீழே போட்டுவிட்டு நரசிம்முலுவின் ஆட்கள் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்கள். சரிவில் மெதுவாக இறக்கி, கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்தார்கள். அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

"அடிக்காதீங்க, மாமா. என்னால அம்மா ஜாத்திரை நின்னுப்போச்சுன்னு ஊர்ல பேரு வாணாம். ஏற்கனவே ஒரு பேரு வச்சிருக்கீங்க, அதுவே போதும். திரும்பிப் போங்க. என் தம்பிய மட்டும் இங்க வுட்டுட்டுப் போங்க."

துரைசாமி மாமா துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். கையைக் காட்டினார். தப்பட்டை கல்லிலிருந்து திரும்பி வேறு வழியாகப் போனது. என் வாழ்நாளில் முதல்முறையாக மேட்டில் சாட்டு விழவில்லை.

அன்றிலிருந்து ஜாத்திரை வரைக்கும் தினமும் கட்டில் கல்லுக்கு வந்தது. காலையில் வெயில் ஏறும்வரை, மறுபடி சாயங்காலம். அண்ணன் கல்லுக்கு இந்தப் பக்கம் பாய் போட்டு உட்காருவார். கை நீட்டினால் எட்டுகிற தூரம். முதல் நாள் நீட்டலாமா என்று தயங்கினார். கை எல்லை தாண்டுமே என்று அவருக்குக் கவலை. அக்காவே கையைக் கல்லின்மேல் வைத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டார். நான் இரண்டு பக்கமும் நடந்து கஞ்சி கொண்டுவருவதும் விசிறுவதுமாக இருந்தேன். எனக்கு எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை; கட்டிக்கொடுத்து அனுப்பிய பெண்ணுக்கு எல்லை ஏது.

என்ன பேசினார்கள் என்கிறீர்களா? மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரியப்பா புளியமரத்திலிருந்து விழுந்தது, நகரி டென்ட் கொட்டகையில் மழை பிடித்துக்கொண்டு படத்தைப் பாதியில் நிறுத்தியது, புத்தூர் பஸ்ஸில் அண்ணன் தொலைந்துபோய்க் கண்டக்டர் மடியில் தூங்கியது. நான் மறந்துபோனதையெல்லாம் அக்கா எடுத்து எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து கல்லுக்கு இந்தப் பக்கம் உட்கார ஆரம்பித்தார்கள். கையில் சுண்டலோ கொழுக்கட்டையோ இருக்கும். அந்தப் பக்கத்துப் பெண்களும் வந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அங்கே சந்தை மாதிரி ஆகிவிட்டது. நரசிம்முலு பனைமரத்தடியில் உட்கார்ந்து, பீடியைப் பற்றவைக்காமலே வாயில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் ஆயுசில் அத்தனை சந்தோஷமான சாவுக்கட்டில் பார்த்ததில்லை. அப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்தது.

ஜாத்திரை அன்று விடியற்காலையில் அக்கா போய்விட்டாள். பாபு கல்லுவரை வந்து என்னிடம் சொன்னான். கோயிலில் அண்ணன் தலையில் கரகத்தை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. கரகம் ஆடாமல், தலை அசையாமல், கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வழிய ஊரைச் சுற்றி வந்தார். அம்மன் வந்து அழுகிறாள் என்று பெண்கள் விழுந்து கும்பிட்டார்கள். சாவு எல்லைக்கு வெளியே, அதனால் தீட்டு இல்லை, ஜாத்திரை நிற்கவில்லை. ராட்டினம் சுற்றியது, பலூன்காரர்கள் கூவினார்கள். ஐஸ்பெட்டி வாடகைக்கு எடுத்து வைத்து அக்காவைக் காத்திருக்க வைத்தார்கள். அண்ணன் கையில் காப்பை அவிழ்த்தபோது இருட்டிவிட்டது.

மறுநாள் காலை கோடி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். பெண் செத்தால் பிறந்த வீட்டுப் புடவை போர்த்தாமல் எடுக்கக்கூடாது. அண்ணனும் நானும் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். தெருவில் பார்த்தால் ஊரே நின்றது. முன்னால் சாவுமேளம், நடுவில் தாம்பாளத்தில் நகரித் தறியில் நெய்த சிவப்புப் புடவை, அதைத் தூக்கிக்கொண்டு துரைசாமி மாமா.

கோடிக்காரர்கள் இன்னொரு ஊருக்குள் நேராக நுழைய மாட்டார்கள். எல்லையில் மேளத்தை நிறுத்தி நிற்க வேண்டும். அந்த ஊரார் வந்து அழைத்தால்தான் உள்ளே போவது. ஆனால் மேட்டுக்குப் போக எங்கள் ஊரார் இதுவரை யாரையும் கேட்டதில்லை. சொந்த மண்ணுக்குப் போக எவனைக் கேட்பது? கல்லை நெருங்கும்போது பின்னால் இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். நிற்காமல் போங்கள், வழக்கு இருக்கிறது, இங்கே நின்றால் விட்டுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். துரைசாமி மாமாவுக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும்.

கல்லுக்கு முன்னால் வந்ததும் மாமா கையைத் தூக்கினார். மேளம் நின்றது. தாம்பாளத்தை அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மேலே சின்னய்யகுப்பத்தார் எழுந்து நின்றார்கள். யார் கையிலும் கம்பு இல்லை. மாமாவின் குரல் தெளிவாக வந்தது.

"நரசிம்முலு, ராஜம்மாவுக்குப் பொறந்த ஊர்லேருந்து கோடி எடுத்துக்கினு வந்திருக்கோம். உங்க ஊருக்குள்ள வரலாமா?"

நரசிம்முலு செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவில் இறங்கி, கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து மாமாவின் கையைப் பிடித்தார்.

"வாங்க" என்றார். "உங்க பொண்ணு உள்ளதான் இருக்குது."